துப்பாக்கிப் பிடியில் என் முகம்

வில்பர், நெப்ராஸ்கா
14 அக்டோபர் 1974

மதிப்பிற்குரிய திருமதி இர்மா நைபெர்க் அவர்களுக்கு,

முன்பின் தெரியாதவன் எழுதுகிறானே என்று இதை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். படித்து முடித்துவிட்டுப் போடுங்கள், ஆட்சேபணை இல்லை. என் பெயர் மைலோ ஹாவ்ரானெக். டிராக்டர் மெக்கானிக். பழைய கைத்துப்பாக்கிகள் சேகரிப்பதில் எனக்குப் பைத்தியம். என் மனைவி ப்ளான்ச் சொல்வாள்: "ஒருத்திக்குக் குடிகாரன், ஒருத்திக்குச் சூதாடி. எனக்கு வாய்ச்சது துருப்பிடிச்ச புருஷன்."

போன மாதம் ஹேஸ்டிங்ஸ் சந்தையில் ஒரு பையன் கோணிப்பையில் சுற்றிய ராணுவப் பிஸ்டல் ஒன்றைக் கொண்டுவந்தான். நாற்பத்தைந்து காலிபர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தது. அவனுடைய மாமா, ஹோல்ட்ரெஜ் ஊர்க்காரர் ஆர்வில் டெக்கர், வசந்தகாலத்தில் இறந்துபோனாராம். களஞ்சியத்தில் கோழித்தீவன மூட்டைக்கு அடியில் கிடந்ததாம். ஒரு பக்கம் முழுக்கத் துரு. குழலுக்குக் கீழே இருக்கும் சுருள் வில் உடைந்திருந்தது. விசை அசைய மறுத்தது. பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நான் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன், காரணம் அதன் பிடி.

போரில் நம் பையன்கள் ஒரு வேலை செய்வார்கள். விமானம் ஏதாவது விழுந்தால் அதன் ஜன்னல் பிளாஸ்டிக்கை அறுத்து, அரம் போட்டு, பிஸ்டலின் பிடிக்கு அளவாகத் தகடு செய்வார்கள். மரத்தகட்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டுவார்கள். அடியில் காதலியின் படம். கேள்விப்பட்டிருக்கிறேன், கையில் எடுத்தது இதுதான் முதல்முறை. பிளாஸ்டிக் பழுத்துப்போயிருக்கிறது, ஓரத்தில் ஒரு விரிசல், ஆனால் உள்ளே ஒரு பெண் நேராகப் பார்க்கிறாள். வெள்ளைக் காலர். கொஞ்சம் சிடுசிடுப்பு.

தகட்டின் திருகு கழலவே இல்லை. எண்ணெய் விட்டு, காத்திருந்து, சூடு காட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, ஒருவழியாக வந்தது. படத்தின் பின்பக்கம் ஹோல்ட்ரெஜ் ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை, பென்சிலில் "இ. லூபெ". உங்கள் ஊர்த் தபால் அதிகாரிக்கு எழுதிக் கேட்டேன். இர்மா லூபெ இப்போது திருமதி நைபெர்க் என்று பதில் போட்டார்.

அது நீங்கள்தானே? படம் எந்த வருடம் எடுத்தது? அவருக்கு எப்போது கொடுத்தீர்கள்? அந்தப் பையன், "அந்தப் பொண்ணு மாமாவுக்காக ரொம்ப நாள் காத்திருந்துச்சாம், அப்புறம் என்னமோ ஆயிப்போச்சு" என்று இழுத்தான். மிச்சத்தை உங்கள் வாயால் கேட்க ஆசை. இந்தத் துப்பாக்கியை எப்படியும் உயிரோடு எழுப்பிவிடுவேன் என்று சபதம் எடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மைலோ ஹாவ்ரானெக்

•

ஹோல்ட்ரெஜ்
22 அக்டோபர் 1974

ஐயா,

அது நான்தான். படத்தைக் கழற்றி எனக்கு அனுப்பிவிடுங்கள். தபால் செலவை நான் தருகிறேன். துப்பாக்கியை நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

மற்றக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை.

இர்மா நைபெர்க்

•

வில்பர்
10 நவம்பர் 1974

மதிப்பிற்குரிய திருமதி நைபெர்க்,

பதில் போட்டதற்கு நன்றி. நீங்கள் கேட்டதை மட்டும் செய்ய முடியாத நிலையில் இருக்கிறேன். கோபப்படாமல் கேளுங்கள்.

எங்கள் ஆட்களுக்கு இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று, மெருகு ஏற்றாதே. பழைய இரும்பைப் புதுசு மாதிரி பளபளக்க வைப்பவனை நாங்கள் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டோம். அதனால்தான் நான் உப்புத்தாள் தொடுவதில்லை. எண்ணெய் தடவி ஊறவைத்து, செம்புக் காசின் விளிம்பால் துருவைச் சுரண்டுகிறேன். செம்பு இரும்பைவிட மிருது, துரு மட்டும் பெயரும், அடியில் இருக்கும் சாம்பல் பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. ப்ளான்ச், "கேரட்டுக்குத் தோல் சீவக் கூப்பிட்டா முதுகு வலிங்கறீங்க" என்று திட்டுகிறாள்.

இரண்டாவது கட்டளை, சேர்ந்து வந்ததைப் பிரிக்காதே. அந்தப் படம் இல்லையென்றால் இது பத்தோடு பதினொன்று. படத்தோடுதான் இது ஒரு மனிதன் கையில் இருந்த பிஸ்டல். படத்தை நகல் எடுத்து, சட்டம் போட்டு அனுப்புகிறேன். அசல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. தவறாக நினைக்கக் கூடாது. போரில் எத்தனையோ பெண்கள் காத்திருந்து களைத்துப் போனார்கள். நீங்கள் வேறொருவரைக் கட்டிக்கொண்டதற்காக இன்று யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை. முப்பது வருடம் ஆகிவிட்டது. ஆறிய புண்ணைப் பார்த்து எதற்குக் கூச்சம்?

அன்புடன்,
மைலோ

•

ஹோல்ட்ரெஜ்
2 டிசம்பர் 1974

திரு ஹாவ்ரானெக்,

உங்கள் கடிதத்தை என் கணவர் கார்லிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துச் சிரித்து இருமினார். நான் சிரிக்கவில்லை.

எனக்குப் புண்ணும் இல்லை, கூச்சமும் இல்லை. என்னை மன்னிக்க உங்களை யார் கூப்பிட்டது? நகல் வேண்டாம். அந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதோடு நான் வளர்ந்திருக்கிறேன். எனக்கு வேண்டியது அது அந்தத் துப்பாக்கியில் இருக்கக் கூடாது என்பதுதான்.

ஏன் என்று கேட்பீர்கள். சொல்லப் போவதில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். என் முகம், எனக்கு வேண்டும். உங்கள் வீட்டுக் கோழி பக்கத்து வீட்டுக்குப் போனால் காரணம் சொல்லியா திருப்பிக் கேட்பீர்கள்?

உங்கள் கட்டளைகள் இரும்புக்குச் சரி. நான் இரும்பு இல்லை.

இர்மா நைபெர்க்

•

வில்பர்
16 பிப்ரவரி 1975

மதிப்பிற்குரிய திருமதி நைபெர்க்,

பனி இடுப்பளவுக்கு. டிராக்டர் எதுவும் வரவில்லை. அதனால் பிஸ்டல் முடிந்துவிட்டது.

அதே வருடத்து, அதே முத்திரையுள்ள சுருள் வில் மிசௌரியில் ஒருவரிடம் இருந்தது. ஒரு நல்ல ஜெர்மன் தோலுறையைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். ப்ளான்சுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்து மூன்று தடவை பார்த்தேன். விசை இப்போது வெண்ணெயில் கத்தி போவது மாதிரி போகிறது. பிளாஸ்டிக்கைப் பற்பசை போட்டு, பழைய பனியன் துணியால் மெதுவாகத் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை, போகவும் வேண்டாம். மங்கல் போய்விட்டது. படத்தின் மூலையில் எண்ணெய்க் கறை ஏறியிருந்தது, பின்பக்கமாகப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். உங்கள் முகத்தை இந்தக் குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் சொந்த அக்காளைக்கூட இவ்வளவு பார்த்ததில்லை. இடது புருவம் கொஞ்சம் மேலே ஏறும், இல்லையா?

உங்களிடம் மறைத்துச் செய்யப் பிடிக்கவில்லை. மார்ச்சில் ஒமாஹாவில் எங்கள் பிளாட் ஆற்றுச் சேகரிப்பாளர் சங்கத்தின் கண்காட்சி. நான் இதை வைக்கப் போகிறேன். உங்கள் பெயர் எங்கும் வராது, அது என் சத்தியம். படத்தைக் கழற்ற மாட்டேன். அதிலும் நான் உறுதிதான். மன்னிக்கவும்.

மைலோ ஹாவ்ரானெக்

•

ஹோல்ட்ரெஜ்
19 மார்ச் 1975

திரு ஹாவ்ரானெக்,

ஒமாஹா கண்காட்சிக்கு நான் வந்திருந்தேன். கார்ல் வண்டி ஓட்டினார். வழியெல்லாம், "ஒரு துப்பாக்கியோட போட்டி போட்டு ஜெயிச்ச ஒரே மாப்பிள்ளை இந்த மாவட்டத்துலேயே நான்தான்" என்று பெருமை அடித்துக்கொண்டே வந்தார்.

உங்கள் மேசையைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. பச்சை வெல்வெட், மேலே விளக்கு, பக்கத்தில் கதை எழுதிய அட்டை, முதல் பரிசு நீல ரிப்பன். ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். என் முறை வந்தது. நானும் நீங்களும் கைக்கெட்டும் தூரத்தில். என் முகத்தைப் பஞ்சால் ஒற்றிய நீங்கள் என் முகத்தைப் பார்த்து, "வாங்கம்மா, நல்லாக் குனிஞ்சு பாருங்க, வெளிச்சம் அந்தப் பக்கமிருந்து வருது" என்றீர்கள்.

நான் கேட்டேன், "யாருங்க இந்தப் பொண்ணு?"

நீங்கள் சொன்னீர்கள்: "அது ஒரு பெரிய சோகம்மா. இந்தப் பொண்ணு படத்தக் குடுத்து, காத்திருக்கேன்னு சத்தியம் பண்ணி அனுப்பி வச்சுது. அவரு குண்டு மழையில இதப் பாத்துக்கிட்டே உயிரக் கையில புடிச்சுக்கிட்டுத் திரும்பி வர்றாரு. வந்து பாத்தா இந்தம்மா வேற ஒருத்தன் கையப் புடிச்சுக்கிட்டு நிக்குது. அந்த மனுஷன் கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கல. பாவம்."

எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி 'ச்சொச்சொ' என்று உச்சுக் கொட்டினாள். "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, நெஞ்சழுத்தக்காரி" என்றாள். அவள் என்னிடம்தான் சொன்னாள், திரு ஹாவ்ரானெக். நானும் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

பக்கத்து மேசைக் கிழவர் உங்களைச் சீண்டினார். "ஏய் மைலோ, துப்பாக்கிய வாங்கு, கதைய வாங்காதேன்னு நீதானே எங்களுக்கெல்லாம் புத்தி சொல்லுவே?" நீங்கள், "இந்தக் கதைக்கு முகம் இருக்குய்யா!" என்று சிரித்தீர்கள். எனக்கு அந்த விளக்கைத் தூக்கி உங்கள் தலையில் போடலாம் போலிருந்தது. கார்ல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

சரி, இப்போது கேளுங்கள். ஒரே ஒரு தடவைதான் சொல்வேன்.

ஆர்வில் டெக்கர் 1942-ல், மாதாகோவில் சோள விருந்து முடிந்ததும் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். முடியாது என்றேன். போருக்குக் கிளம்பும்போது ரயில் நிலையத்தில், எல்லார் முன்னாலும், மறுபடி கேட்டான். மறுபடி முடியாது என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவன் கெட்டவன் இல்லை, எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் படம் நான் ஆசிரியைத் தேர்வில் தேறியபோது எடுத்தது. ஸ்டூடியோக்காரர் ஒரு பிரதியைக் கண்ணாடி ஜன்னலில் வைத்திருந்தார். போருக்குப் போகிற பையன் வந்து, "என் பொண்ணு படம்" என்று கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிட்டார். காசுகூட வாங்கவில்லையாம். அதைப் பிற்பாடுதான் என்னிடம் சொன்னார், ஏதோ எனக்கு உபகாரம் செய்த மாதிரி.

போர் முடிந்து ஆர்வில் வந்தான். மதுக்கடையில் அந்தப் பிஸ்டலை எடுத்து வைத்து, "இவதான் என்னைக் காப்பாத்தினா" என்பான். அதைப் பார்த்தவன் நாலு பேரிடம் சொல்வான். கண்ணால் பார்த்த சாட்சி ஆயிற்றே! என் முகம் அவன் கையில் இருந்தது, நான் 'அது பொய்' என்று சொன்னால் யார் கேட்பார்கள்? எனக்கும் கார்லுக்கும் நிச்சயமானபோது, மாதாகோவில் நிலவறையில் காபி ஊற்றிக்கொண்டு வந்த பெண்கள் என் கோப்பையைத் தாண்டிப் போனார்கள். எனக்கு இந்தப் பக்கம் ஊற்றினார்கள், அந்தப் பக்கம் ஊற்றினார்கள். அந்த வசந்தத்தில் பள்ளிக்கூடக் குழுவில் ஒருவர், "போர்ல நின்ன பையனை ஏமாத்தினவ நம்ம பிள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பா?" என்று கேட்டார். என் வேலை போயிற்று. அதற்குப் பிறகு நான் ஒரு வகுப்பறையிலும் நிற்கவில்லை. நான் நல்ல ஆசிரியை, திரு ஹாவ்ரானெக். உண்மையிலேயே நல்ல ஆசிரியை.

ஆர்வில் செத்ததும் அந்தக் கதையும் குழிக்குள் போயிற்று என்று நினைத்தேன். நீங்கள் எண்ணெய் போட்டு எழுப்பிவிட்டீர்கள். விளக்கும் வைத்துவிட்டீர்கள்.

என் முகத்தை அனுப்புங்கள்.

இர்மா நைபெர்க்

•

வில்பர்
27 ஏப்ரல் 1975

திருமதி நைபெர்க்,

இந்தக் கடிதத்தை நாலைந்து முறை தொடங்கிக் கிழித்தேன். ப்ளான்ச் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள், அது இன்னும் மோசம். "வில்லுக்கு முத்திரை பாத்தீங்களே, வாய்க்குப் பாத்தீங்களா?" என்றாள்.

அதுதான் உண்மை. ஒரு திருகு பொய்யாக இருந்தால் எனக்கு மூக்கு வேர்த்துவிடும். ஒரு பெண்ணைப் பற்றிய கதையை, ஹேஸ்டிங்ஸில் காபி குடித்துக்கொண்டே ஒரு பொடியன் இழுத்துச் சொன்னதை, அப்படியே வாங்கிக்கொண்டேன். அவன் சொன்னது பாதி. மீதியை நான்தான் வைத்து ஒட்டினேன். சத்தியம் பண்ணியது, குண்டு மழை, எல்லாம் என் கைவேலை. மற்றவன் மெருகு ஏற்றினால் காறித் துப்புகிற நான் இதைச் செய்தேன். உங்களை நேரில் பார்த்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது, அம்மா. வேறு வார்த்தை இல்லை.

போன சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் ரிப்பனைத் திருப்பிக் கொடுத்தேன். காரணம் கேட்டார்கள். "அட்டையில எழுதினது பொய்" என்றேன். சிலர் சிரித்தார்கள். தலைவர், "நல்ல கதைய ஏன்யா கெடுக்கறே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். ஒரு ஆசிரியைக்கு நஷ்டம் என்றேன். அதற்கு மேல் அங்கே உட்காரப் பிடிக்கவில்லை.

இப்போது ஒரு சிக்கல். படத்தைக் கழற்றப் பார்த்தேன். முப்பது வருட வியர்வையும் வெயிலும் சேர்ந்து அது பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கிடக்கிறது. கத்தி நுழைத்தால் முகம் கிழியும். நாடி ஓரத்தில் மயிரிழை அளவு தூக்கிப் பார்த்தேன், உரிந்து வந்தது, கையை எடுத்துவிட்டேன். அதனால் தகட்டோடு சேர்த்தே அனுப்புகிறேன். பஞ்சில் சுற்றி, பிஸ்கட் தகர டப்பாவில் வைத்தாகிவிட்டது. பிஸ்டலுக்குச் சாதாரண மரத்தகடு போட்டுவிட்டேன். சேர்ந்து வந்ததைப் பிரித்தாகிவிட்டது. பிரிக்க வேண்டியதுதான். களவாடிச் சேர்த்ததுக்கு அந்தக் கட்டளை செல்லாது.

பதிவுத் தபாலில் போட உங்கள் ஒரு வரி போதும். உங்கள் கைக்கு நேராக வர வேண்டும், நடுவில் யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்பதால்தான் கேட்கிறேன்.

மைலோ ஹாவ்ரானெக்

•

ஹோல்ட்ரெஜ்
11 மே 1975

அன்புள்ள திரு ஹாவ்ரானெக்,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் யோசித்தேன். தோட்டத்தில் உருளைக்கிழங்கு நடும்போது யோசித்தேன், பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். கார்ல், "வேணும் வேணும்னு நின்னே, இப்ப வருதுங்கறப்போ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" என்றார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

டப்பாவை அனுப்ப வேண்டாம்.

அது வந்தால் நான் என்ன செய்வேன்? எரிப்பேன், அல்லது அலமாரியில் போட்டுப் பூட்டுவேன். பிறகு? ஒமாஹாவில் உங்கள் மேசையைத் தாண்டிப் போனவர்கள் எத்தனை பேர்! அத்தனை பேரும் 'பாவம் அந்த மனுஷன்' என்று சொல்லிக்கொண்டுதானே வீட்டுக்குப் போனார்கள்? படம் காணாமல் போனால் கதை போய்விடுமா? இன்னும் கொழுத்துத்தான் வளரும். "அந்தப் பொம்பளையே வந்து மூட்டை கட்டிக்கிட்டுப் போயிட்டா" என்பார்கள். முப்பது வருடம் என் முகம் ஒரு பொய்க்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. இனி உண்மைக்குச் சொல்லட்டும். அது எனக்கு அந்த முகம் கொடுக்க வேண்டிய பாக்கி.

ஆகவே தகட்டைத் திரும்ப மாட்டுங்கள். பச்சை வெல்வெட்டும் விளக்கும் இருக்கட்டும். அட்டையை மட்டும் மாற்றுங்கள். கீழே இருக்கிறபடி எழுதுங்கள். ஒரு சொல் கூட்டக் கூடாது, உங்கள் கைவேலையை இதில் காட்டாதீர்கள்:

"இந்தப் பெண்ணின் பெயர் இர்மா லூபெ. ஹோல்ட்ரெஜ் பள்ளி ஆசிரியை. இந்தத் துப்பாக்கிக்காரர் இவளை இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் முடியாது என்றாள். இந்தப் படத்தை இவள் கொடுக்கவில்லை."

பெயர் போட மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தீர்கள். அந்தச் சத்தியத்திலிருந்து உங்களை விடுவிக்கிறேன். பெரிதாகவே எழுதுங்கள், வயதானவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி. ரிப்பன் கிடைக்காது. உங்கள் தலைவர் முகத்தைச் சுளிப்பார். அதை நீங்கள் தாங்கித்தான் ஆக வேண்டும், நான் இதைவிட நிறையத் தாங்கியிருக்கிறேன்.

அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் சந்தை இருக்கிறதாமே, எங்கள் ஊருக்குப் பக்கம். ஹோல்ட்ரெஜ் ஆட்கள் பாதிப்பேர் வருவார்கள். என் கோப்பையைத் தாண்டிப் போனவர்களில் நடமாட்டம் உள்ளவர்களும் வருவார்கள். பள்ளிக்கூடக் குழுவில் பேசினவரை அவர் மகன் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவான், எந்தச் சந்தையையும் அவர் விடுவதில்லை. அட்டையைப் படித்துவிட்டு, எவராவது ஒருவர், "இதெல்லாம் யாரு சொன்னது?" என்று கேட்பார். நம் ஆட்களை எனக்குத் தெரியும். கட்டாயம் கேட்பார்.

மேசைக்கு உங்கள் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

இர்மா லூபெ நைபெர்க்